மூன்றாவது ஓலை

கொழிஞ்சாம்பாறை
21 ஜனவரி 2024

அன்புத் தங்கை சாந்தம்மாளுக்கு அண்ணன் சூசையப்பன் எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் சுகமாக இருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இடது காது மட்டும் போன வருடத்தைவிட மந்தம். உன் முழங்கால் வலியும் மச்சானின் இளைப்பும் எப்படி? போனில் பேசுங்களேன் என்பாய். போனில் நீ சொல்வது பாதிதான் கேட்கிறது. நான் சொல்ல நினைத்ததோ முழுவதும் மறந்துவிடுகிறது. பென்சிலால் ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டுப் பேனாவால் எழுதுவதுதான் எனக்குச் சரியாக வருகிறது.

இந்த ஆண்டு தவக்காலம் முந்திக்கொண்டது. பிப்ரவரி பதினான்கிலேயே சாம்பல் புதன். வெள்ளிதோறும் ஒரு தெருவில் சிலுவைப்பாதை, தெருவுக்குப் பதினான்கு வீடு, வீட்டுக்கு ஒரு நிலை. அந்தப் பட்டியலும், பெரிய வியாழனன்று பாதம் கழுவப்பட உட்காரும் பன்னிருவர் பட்டியலும் வழக்கம்போல என் தலையில். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து பதினாறு வருடம் ஆகியும் வருகைப்பதிவேடு என்னை விடவில்லை.

ஒரு செய்தி. என் மகன் விட்டுவிட்டுப் போன பிலோமினா மறைமாவட்டத்தின் திருமண நீதிமன்றத்தில், அந்தக் கல்யாணமே செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறாள். சர்க்கார் கோர்ட்டில் விவாகரத்து ஆகி இரண்டு வருடமாகிறது. ஆனால் கோயில் கணக்கில் அவள் இன்னும் செல்லத்துரையின் மனைவிதான். நல்லேப்பிள்ளியில் ராயப்பன் என்று ஒருவர், மனைவியை இழந்தவர், நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறார். அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிறார். அவருடைய தாயார் ஈஸ்டர் பாஸ்காவரை பொறுப்பேன் என்கிறாராம்.

செல்லத்துரைக்கு உங்கள் எஸ்டேட்டில் பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் கல்யாணத்துக்கு முன்பே இருந்து, அதை மறைத்துக் கட்டிவைத்திருந்தால் மனு நிற்கும். பின்னால் ஏற்பட்டது என்றால் நிற்காது. முன்பே தெரிந்த சாட்சிகள் இரண்டு பேராவது வேண்டும். அவள் என் பெயரையும் கொடுத்திருக்கிறாள். என்ன சொல்வது என்று புரியவில்லை. அவன் அங்கே எப்போதிலிருந்து அப்படி இருக்கிறான் என்று உனக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுது.

குளிரில் வெளியே நிற்காதே.

அண்ணன்
சூசையப்பன்

*

மேல் டிவிஷன், தேவிகுளம்
2 பிப்ரவரி 2024

பிரியமுள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கச்சி வணக்கம். நாங்க எல்லாரும் சுகம், உங்க சுகத்துக்கு வேண்டிக்கிடுதோம். முழங்கால் அப்படியேதான் இருக்கு. அவுகளுக்கு இளைப்பு ராத்திரிதான் கூடுது. பனி விழுந்து கொழுந்து கருகிப் போச்சு, அதனால வேலையும் கொறவு.

நீங்க கேட்டது எனக்கு ஆச்சரியமா இருக்கு. எப்போதிலிருந்துன்னு என்னையவா கேக்கீங்க? செல்லத்துரை எங்க பேக்டரிக்கு எலக்ட்ரீசியனா வந்தது பன்னெண்டுல. அடுத்த வருசமே கொழுந்து பறிக்கிற பூமாரியோட அடுத்த லயத்து வீட்டுல குடித்தனம் வச்சிட்டான். புள்ள பதினாலுல பொறந்தா. எங்க வீட்டுல வந்துதான் முதல்ல சொன்னான், "அத்தை, அப்பாவுக்கு எழுதிராதீங்க"ன்னு. நானும் பாவி, ரெண்டு வருசம் எழுதல.

ஆனா நீங்க அவனுக்குப் பொண்ணு பாத்து, கோயில்ல முதல் ஓலை வாசிச்சாச்சுன்னு எழுதுன உடனே எழுதிட்டேன் அண்ணே. மூணு ஞாயிறு நீங்க கோயில்ல ஓலை வாசிக்கிறதே அதுக்குத்தான. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட அறிவிக்கணும்னு. அந்தத் தடையைத்தான் நாலு பக்கம் எழுதிப் போட்டேன். பதிலே வரல. கல்யாணப் பத்திரிகைதான் வந்துச்சு. கடுதாசி தபால்ல தொலஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். நேர்ல வந்து சொல்லாமப் போனமேன்னு இன்னைக்கும் எனக்கு வேதனை.

அது உங்களுக்கு வந்துச்சா?

மாத்திரை மறக்காதீங்க.

தங்கச்சி
சாந்தம்மாள்

*

கொழிஞ்சாம்பாறை
15 பிப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு, உன் கடிதம் ஏழாம் தேதியே கிடைத்தது. எட்டு நாள் தாமதித்ததற்கு மன்னிக்க வேண்டும். தவக்காலத் தொடக்க வேலைகள். மச்சானை இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொல். எனக்குச் சுகம்தான், பசி மட்டும் கொஞ்சம் குறைவு.

நேற்று சாம்பல் புதன். போன வருடக் குருத்தோலைகளை வீடு வீடாக வாங்கி எரித்துச் சலித்தோம். பிலோமினாவும் வந்து சலித்துக் கொடுத்தாள். அவளும் அவள் அம்மாவும் கோயிலுக்குப் பின்னால் வாடகை வீட்டில்தான் இன்னமும் இருக்கிறார்கள். கையெல்லாம் சாம்பலாக என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "மாமா, உங்களைக் கேக்காம உங்க பேரைச் சாட்சிக்குக் குடுத்துட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க. பெத்த மகனுக்கு எதிராப் பேசச் சொல்றது தப்புதான். உங்களுக்குத் தெரியலீன்னா தெரியலீன்னே சொல்லிருங்க. தெரிஞ்சதை மட்டும் சொன்னாப் போதுமுங்க."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ தபாலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்த ஆண்டு இங்கே தபால்காரர் மாறினார். கோவிந்தாபுரம் போக வேண்டிய கட்டு இங்கே வருவதும், இங்குள்ளது அங்கே போவதுமாக இருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய சங்கதி. என்னிடமுள்ள கடிதங்களை ஆண்டு வாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நீதிமன்றத்தில் மார்ச் 21 அன்று வரச் சொல்லியிருக்கிறார்கள். புனித வாரத்துக்கு முன் சாட்சியங்களை முடித்துவிட எண்ணமாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்
சூசையப்பன்

*

தேவிகுளம்
24 பிப்ரவரி 2024

அண்ணன் அவர்களுக்கு, எல்லாரும் சுகம். நீங்க சொன்ன மாதிரி தலகாணி ரெண்டு வச்சுப் படுக்காக.

செல்லத்துரைக்கும் நீதிமன்றத்துக் கடுதாசி ரெண்டு வந்திருக்கு. பிரிக்காமலே அடுப்புல போட்டுட்டான். முந்தா நாள் எங்க வீட்டுக்கு வந்தான். "அத்தை, நீ சாட்சி சொல்லப் போறேன்னு கேள்விப்பட்டேன். சொல்லிக்க. ஆனா அப்பாவை இழுத்தா அவரு நெஞ்சு வெடிச்சுச் செத்துருவாரு, அந்தப் பழி உனக்குத்தான்"னான். "நீ அப்பாவுக்குப் பயந்து பேசுறியா, அப்பாவுக்காகப் பேசுறியா?"ன்னு கேட்டேன். டீயக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டான்.

ஆமா, என் பேரையும் பிலோமினா குடுத்திருக்கு. அவ்வளவு தூரம் வர வேண்டாம், இங்க உள்ள சாமியார்கிட்டயே சொல்லலாம், அவரு எழுதி முத்திரை வச்சு அனுப்புவாருன்னு காகிதம் வந்திருக்கு. மார்ச் பத்துக்குள்ள சொல்லணும். கேள்வியும் அனுப்பியிருக்காங்க. ஏழாவது கேள்வி, "இதை நீர் அப்போது யாருக்காவது தெரிவித்தீரா?"

நான் என்ன சொல்ல அண்ணே? கட்டு கட்டா வச்சிருக்கேன், பாக்கணும்னு எழுதியிருந்தீங்க. பாத்தீங்களா?

சாந்தம்மாள்

*

கொழிஞ்சாம்பாறை
6 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு, இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. காலை ஒன்பதுக்கு மேல் நான் வெளியே இறங்குவதில்லை. நீ நலம்தானே? கொய்யா இலைக் கஷாயம் முழங்காலுக்கு நல்லது என்று பிலோமினாவின் அம்மா சொல்கிறாள், எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

போன வெள்ளி சிலுவைப்பாதை அவர்கள் தெருவில். எட்டாம் நிலை பிலோமினா வீட்டு வாசலில். பட்டியல் போட்டவன் நான். அவள் சின்ன மேசையில் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைத்து, கோலப்பொடியால் எட்டு என்று எழுதியிருந்தாள். ஜெபம் முடிந்து நகரும்போது கோயில் கமிட்டிக்காரர் ஒருவரின் மனைவி பின்னால் இருந்தவளிடம் சொன்னது என் மந்தக் காதிலும் விழுந்தது: "புருசன் எங்கடீன்னா ஆறேழு வருசமா பஸ்ஸுல வந்துட்டே இருக்காருங்கறா. அதுக்குள்ள அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டியாச்சு." பிலோமினா திரும்பிப் பார்த்து, "பஸ்ஸு வந்தா உங்களுக்கும் சீட்டு புடிச்சு வைக்கறனுங்க அக்கா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, கோலப்பொடி எட்டைக் காலால் அழித்தாள்.

இன்னொன்று. பிப்ரவரி பதினேழாம் தேதி நான் எங்கள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரு பழைய விஷயத்தைச் சொன்னேன். சொன்னால் சாமியாருக்குத் தெரிந்துவிடும், அவர் நீதிமன்றத்தில் எப்படியாவது காதில் போட்டுவிடுவார், நான் போக வேண்டியிருக்காது என்று ஒரு கணக்கு. அப்படிச் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவன். இருந்தும் பதினேழு நாள் காத்திருந்தேன். கோயிலில் பார்க்கும்போதெல்லாம் "சார், பாட்டுக் குழுவுக்கு மைக் போதுமா?" என்றுதான் கேட்கிறார். நேற்று மறுபடி போய் முழந்தாளிட்டு, நான் சொன்னதை என்ன செய்தீர்கள் சாமி என்று கேட்டேன். "இங்க கேட்டது இங்கயே இருக்கும் சார். அதைத் தூக்கிட்டுப் போற கால் எனக்குக் கிடையாது, உங்களுக்குத்தான் இருக்கு" என்றார். அவருக்கு முப்பத்து மூன்று வயது.

நீ கேட்டதை மறக்கவில்லை.

அண்ணன்

*

தேவிகுளம்
12 மார்ச் 2024

அண்ணே, சுகம்.

பத்தாம் தேதி வரைக்கும் உங்க பதிலுக்குப் பாத்தேன். உங்க கடுதாசி பதினொண்ணுதான் வந்துச்சு, அதுலயும் பதில் இல்ல. நான் பத்தாம் தேதி பூசை முடிஞ்சு சாமியார் முன்னால உக்காந்து எல்லாம் சொல்லிட்டேன். பூமாரி, புள்ள, எந்த வருசம், எல்லாம். ஏழாவது கேள்விக்கு, அண்ணனுக்கு எழுதினேன், ஆனா அது அவருக்குக் கிடைக்கலன்னு சொல்லிட்டேன். எப்படித் தெரியும்னு கேட்டாரு. "எங்க அண்ணனுக்கு அது கிடைச்சிருந்தா அவரு மூணாவது ஓலையை வாசிச்சே இருக்க மாட்டாரு"ன்னேன். அப்படியே எழுதிக்கிட்டாரு. நான் கையெழுத்துப் போட்டேன்.

இனி நீங்க பயப்பட ஒண்ணுமில்ல. கிடைக்கல, தெரியாதுன்னு சொன்னாப் போதும், என் வாக்குமூலமும் அதையே சொல்லுது. ஆனா ஒரு ஆள் சாட்சி போதாதுன்னு இங்க சாமியார் சொல்லுதாரு. அந்தப் புள்ளயோட மனு விழுந்துரும்ங்காரு.

வெயில்ல அலையாதீங்க.

சாந்தம்மாள்

*

கொழிஞ்சாம்பாறை
22 மார்ச் 2024

அன்புத் தங்கை சாந்தம்மாளுக்கு, உன் சுகத்தைக் கேட்டு எழுதத் தகுதி உள்ளவன்தானா என்று இருபது நிமிடம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பென்சிலால் எழுதிப் பார்க்கவில்லை. அடித்தல் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. 2016 செப்டம்பர் இருபத்தொன்று, புதன்கிழமை, பகல் பதினொன்றே கால். தபால்காரர் மாறியது உண்மை, கட்டுகள் மாறிப் போனதும் உண்மை. உன் கடிதம் மட்டும் சரியாக என் கையிலேயே வந்து சேர்ந்தது. நான்கு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தேன். மூன்றாவது ஓலை வாசிக்க இன்னும் நான்கு நாள் இருந்தது.

நேற்று நீதிமன்றத்தில் இதைச் சொல்லிவிட்டேன். வெளியே பேசக் கூடாது என்றார்கள், உன்னை நான் வெளி என்று எண்ணவில்லை. ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு குருக்கள், ஒருவர் எழுதுகிறார். "உங்கள் தங்கை ஒரு கடிதம் எழுதியதாகவும், அது உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். சரிதானே?" என்று மூத்தவர் கேட்டார். அவர் சரிதானே என்ற சொல்லையும் சேர்த்தே கேட்டார். நான் ஆம் என்றால் போதும். பத்து மணி பஸ்ஸில் வந்தவன் பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். உன் கையெழுத்து அந்தக் காகிதத்தின் அடியில் தெரிந்தது. சாந்தம்மாளில் "ந்" புள்ளி இல்லாமல்தான் இப்போதும் போடுகிறாய்.

கிடைத்தது என்றேன். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். கொண்டுபோயிருந்த உன் கடிதத்தை மேசைமேல் வைத்தேன்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்கள். பெரிய காரணம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். பத்திரிகை அடித்தாகிவிட்டது. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. கல்யாணம் ஆனால் அவன் திருந்துவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை. உண்மை இதுதான்: தடை தெரிந்தவர்கள் அறிவியுங்கள் என்று ஒலிபெருக்கியில் வாசிக்கிறவனே தடையைத் தெரிந்தவனாக எழுந்து நிற்க வேண்டும். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதை நினைத்தாலே எனக்குக் கால் வரவில்லை. வாசிப்பது எளிதாக இருந்தது. வாசித்துவிட்டேன்.

பன்னிருவர் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சூசையப்பன்

*

கொழிஞ்சாம்பாறை
30 மார்ச் 2024, பெரிய சனி

அன்புத் தங்கைக்கு, எட்டு நாளாயிற்று, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. புனித வாரத்தில் தபால் மெதுவாக வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். தபாலின் மேல் பழி போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மச்சானுக்கு இளைப்பு எப்படி என்பதையாவது எழுது.

வாக்குமூலங்களைப் பிலோமினா எப்படியும் ஒரு நாள் படிப்பாள். காகிதத்தில் படிப்பதற்கு முன் என் வாயால் கேட்கட்டும் என்று புதன்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போனேன். பாஸ்காவுக்குப் பாட்டுக் குழுப் பெண்களின் சேலைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடிக்கிறவரை மிதித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு முறை என் குரல் மெஷின் சத்தத்தில் அமுங்கி, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு நூலை அறுத்துவிட்டுச் சொன்னாள்: "மூணாவது ஓலையில நீங்க கொஞ்சம் நிறுத்தினீங்க மாமா. என் பேரை வாசிச்சுட்டு, தடை ஏதேனும்னு வர்ற இடத்துல. நான் முன்வரிசையில இருந்தேன். கண்ணாடியத் தொடைச்சுட்டு மறுக்கா வாசிச்சீங்க. எழுத்துத் தெரியலையாட்டம்னு நினைச்சனுங்க. மாமாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கித் தரோணும்னு கல்யாணத்தன்னைக்கே அவருகிட்டச் சொன்னேன்."

நான் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அம்மாவுக்கு இது இப்பத் தெரிய வேண்டாம். நீங்க இந்த ஊட்டுக்கு வராதீங்க. நானாக் கூப்பிட்டா வாங்க. கூப்பிடுவனான்னு எனக்கே தெரியலீங்க" என்றாள். அப்புறம் மெஷின் ஓட ஆரம்பித்தது.

பெரிய வியாழன் என் நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்று சாமியார் என்னைக் கேட்டார். பட்டியலை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் பிலோமினாவை அழைத்தார். கமிட்டியில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அவள் உட்கார்ந்தாள். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

நேற்று கோயிலில் பெரிய வெள்ளிக் கஞ்சி குடிக்கும்போது எனக்குப் பக்கத்துப் பலகை காலியாகவே இருந்தது. விஷயம் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் அப்படித்தான் தோன்றியது.

உன் ஒரு வரி போதும்.

அண்ணன்

*

தேவிகுளம்
14 ஏப்ரல் 2024

உங்க ரெண்டு கடுதாசியும் வந்துச்சு. தபால் மேல குத்தமில்ல. நான்தான் எழுதல.

எட்டு தவக்காலம் அண்ணே. ஒவ்வொரு வருசமும் சாமியார்கிட்ட முழங்கால் போட்டு, ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் காப்பாத்த ஒரு நடை நேர்ல போகாம கடுதாசியோட நின்னுட்டேன்னு அழுதேன். எட்டு வருசம் எட்டு சாமியாரும் ஒரே மாதிரி மன்னிச்சாங்க. எனக்கு ஒரு தடவை கூட மன்னிச்ச மாதிரியே இல்ல. இப்பத்தான் விளங்குது, அது என் பாவமே இல்ல. உங்களோடதை நான் சுமந்து கொண்டுபோய் அறிக்கை பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். நீங்க உண்மையை எழுதுறதுக்குப் பன்னெண்டு நாளுக்கு முன்னாலகூட உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இங்க சாமியார்கிட்டப் போய், நான் தெரியாமச் சொன்னது ஒண்ணு தப்பாப் போச்சுன்னு திருத்தி எழுதிக் குடுத்துட்டேன்.

உங்க கடுதாசியைப் பூமாரிக்கு வாசிச்சுக் காட்டினேன். கல்யாணம் முடிஞ்சு அவன் பிலோமினாவோட அங்க இருந்த பதினொரு மாசமும் அவன் கோயம்புத்தூருல மில் வேலைக்குப் போயிருக்கான்னுதான் அவ நினைச்சிட்டு இருந்தா. ரெண்டு வயசுப் புள்ளயப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுக் கொழுந்து பறிக்கப் போவா. கல்யாணம் நடந்ததே ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும். நான் வாசிச்சு முடிச்சதும் கடுதாசிய வாங்கிப் பாத்தா. "உங்க அண்ணன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு"ன்னா. மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டா.

நீங்க போய்ச் சொன்னது நல்லதுதான். அதைச் சொல்லலன்னா இதையும் எழுதியிருக்க மாட்டேன். பிலோமினாவுக்கு நேரா எழுதிட்டேன். ராயப்பனோட அம்மா இன்னும் பொறுக்காங்கன்னு அதுகிட்ட இருந்து பதிலும் வந்துருச்சு. தீர்ப்பு வர ஆறு மாசம் ஆவும்னாலும் காத்திருக்காங்களாம். அந்தப் புள்ளயோட புதுக் கல்யாண ஓலையை யாரு வாசிச்சாலும் நீங்க வாசிக்காதீங்க.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்க. வெயில்ல இறங்காதீங்க. உடம்பு எப்படி இருக்குன்னு இந்தத் தடவை கேக்கல. கேட்டா நீங்க பதில் எழுதுவீங்க.

சாந்தம்மாள்